ஷியாட்சு என்றால் விரலழுத்தம்

கோவை, திருப்பூர் மால்களில் காசு போட்டு உட்காரும் மசாஜ் நாற்காலிகளில் 'ஷியாட்சு' என்றொரு பொத்தானைப் பார்த்திருப்பீர்கள். ஆன்லைனில் விற்கும் கழுத்துத் தலையணை அட்டையிலும் அதே சொல்தான். எண்ணெய் தேய்த்தாலும் உருளை உருண்டாலும் பாதத்தைப் பிசைந்தாலும் இந்தப் பெயரையே ஒட்டிவிடுகிறார்கள். ஆனால் ஜப்பானியச் சொல்லின் பொருள் மிகவும் குறுகலானது, தெளிவானது.

'ஷி' என்றால் விரல். 'அட்சு' என்றால் அழுத்தம். ஜப்பானியர்கள் இரத்த அழுத்தத்தைக் 'கெட்சுஅட்சு' என்பார்கள், காற்றழுத்தத்தைக் 'கிஅட்சு' என்பார்கள், மின்னழுத்தத்தை 'தென்அட்சு' என்பார்கள். மூன்றிலும் வருவது இதே 'அட்சு'. தமிழிலும் இந்த மூன்றுக்கும் 'அழுத்தம்' என்ற ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். அதனால் ஷியாட்சுவுக்கு நேர்ச்சொல் தேடி அலைய வேண்டியதில்லை: விரலழுத்தம். பாடநூலிலும் பலகையிலும் கூச்சமில்லாமல் எழுதலாம்.

நம் ஊர்ப் பேச்சில் இதற்குப் பக்கத்தில் இருப்பது 'அமுக்கி விடுறது'. கொங்குப் பக்கம் நீவுவது வேறு, தேய்ப்பது வேறு, உருவுவது வேறு, பிடித்து விடுவது வேறு, மிதித்து விடுவது வேறு. சுளுக்கு விழுந்தால் நீவுவார்கள். உடம்பு நோவு என்றால் பிடித்து விடுவார்கள். ஷியாட்சுவில் தேய்ப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது. துணியைக் கழற்ற வேண்டியதும் இல்லை. தரையில் விரித்த மெத்தையில் படுத்திருப்பவர் மீது கட்டைவிரலை வைத்து, உடல் எடையை மெல்லச் சாய்த்து, சில விநாடி அப்படியே அழுத்தி, எடுத்து, அடுத்த இடத்துக்கு நகர்கிறார்கள். உள்ளங்கை, முழங்கை, முழங்காலைப் பயன்படுத்தும் பள்ளிகளும் உண்டு.

சித்த மருத்துவத்தில் இதையெல்லாம் பொதுவாகத் 'தொக்கணம்' என்பார்கள். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று அதில் ஒன்பது வகை. அவற்றில் ஒன்று அழுத்தல். ஆகவே மசாஜுக்குத் தொக்கணம், ஷியாட்சுவுக்கு விரலழுத்தம் என்று பிரித்துச் சொன்னால் குழப்பமே வராது. 'ஷியாட்சு நம்ம வர்மந்தானுங்க' என்று சிலர் சொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. வர்மம் சித்த மரபில் வளர்ந்தது, அதற்கென்று 108 புள்ளிகளும் தனிக் கணக்கும் உண்டு. ஷியாட்சுவின் வேர் சீனத்திலிருந்து ஜப்பானுக்குப் போன 'அன்மா' என்ற பழைய உடற்பிடி முறையில் இருக்கிறது.

பெயர் பழையதில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் ஜப்பானில் புழக்கத்துக்கு வந்தது. அதைப் பரப்பியவர்களில் முதன்மையானவர் 1905ல் பிறந்த தொக்குஜிரோ நமிகோஷி. மூட்டுவலியால் தவித்த தாயைச் சிறுவயதில் கைவிரலால் அழுத்தி ஆற்றியதே அவருக்குத் தொடக்கம் என்பார்கள். 1940ல் தோக்கியோவில் பள்ளி தொடங்கினார். 1955ல் இந்தப் பெயர் ஜப்பானியச் சட்டத்திலும் ஏறியது. அங்கே இதைத் தொழிலாகச் செய்ய மூன்றாண்டுப் படிப்பும் தேசியத் தேர்வும் வேண்டும். நம் ஊரில் வாரக்கடைசி வகுப்புச் சான்றிதழை மாட்டிக்கொண்டு செய்பவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது.

சரி, பலன் உண்டா? தசை இறுக்கம் தளர்வதும், மனம் அமைதியாவதும், நல்ல தூக்கம் வருவதும் பலர் சொல்லும் அனுபவம். பனியன் கம்பெனியில் நாளெல்லாம் குனிந்து தைப்பவரின் தோளுக்கும் கழுத்துப் பின்புறத்துக்கும் இது இதமாக இருக்கும். ஆய்வு என்று பார்த்தால் நிலைமை வேறு. 2011ல் வந்த ஒரு முறையான ஆய்வுத் தொகுப்பு, ஷியாட்சுவுக்கென்றே நடந்த ஆய்வுகள் உறுதியாக எதையும் சொல்லப் போதாதவை என்றது. உடலில் குறிப்பிட்ட புள்ளிகளை அழுத்தும் அக்குபிரஷர் இதற்கு நெருங்கிய உறவு, அதற்குச் சான்று கொஞ்சம் கூடுதல். மணிக்கட்டின் உட்புறத்தில், மடிப்பிலிருந்து மூன்று விரல் அகலம் மேலே உள்ள இடத்தைத் தூண்டினால் அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் குமட்டல் குறைவது பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. சர்க்கரையைத் தீர்க்கும், இரத்தக் குழாய் அடைப்பை நீக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பொதுவாக ஆரோக்கியமாக இருப்பவருக்கு இது பாதுகாப்பானதுதான். ஓரிரு நாள் தசைவலி, லேசான அசதி வரலாம். ஆனால் அழுத்தம் ஆழத்துக்குப் போகிறது. அதனால் இடம் பார்க்க வேண்டும், ஆள் பார்க்க வேண்டும். சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறியில் நின்றே வேலை செய்பவர்களுக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டிருக்கும், அதன்மேல் அழுத்தக் கூடாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி வலித்தால் அது காலுக்குள் ஆழத்தில் ஓடும் இரத்தக் குழாயில் கட்டிய இரத்தமாக இருக்கலாம். அமுக்கி விட்டால் அந்த இரத்தக்கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கும் ஆபத்து உண்டு. நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

கழுத்தின் முன்பக்கமும் பக்கவாட்டும் இன்னும் முக்கியம். மூளைக்குப் போகும் பெரிய தமனி அங்கே ஓடுகிறது. கழுத்தில் ஷியாட்சு செய்தபின் கண்ணிலும் மூளையிலும் இரத்தக் குழாய் அடைபட்ட ஒரு நோயாளியைப் பற்றி 2001ல் 'ஸ்ட்ரோக்' மருத்துவ இதழ் வெளியிட்டிருக்கிறது. அபூர்வம்தான், இருந்தாலும் அந்த இடத்தைத் தொடவிடாதீர்கள். சலூனில் கழுத்தை நெட்டி முறிப்பதையும் இதோடு சேர்த்தே மறுத்துவிடலாம்.

இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர், எலும்பு தேய்ந்த முதியவர், கர்ப்பிணி, புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர், அண்மையில் அறுவை செய்துகொண்டவர் எல்லாம் முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டும். டெங்குக் காய்ச்சலில் தட்டணுக்கள் குறைந்திருக்கும்போது வேண்டவே வேண்டாம். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு அழுத்தம் மிகுந்தாலும் தெரியாது. நல்ல கை உள்ளவர் 'வலிக்குதுங்களா?' என்று கேட்டுக் கேட்டுத்தான் அழுத்துவார். நாற்காலி கேட்காது. அதனால் இந்தப் பட்டியலில் இருப்பவர்கள் அந்தப் பொத்தானை அழுத்தாமல் இருப்பதே நல்லது.