‘பரணி ஒருதலைப்பட்சம்’னு ஒரு வரி எழுதினா மார்க் வந்துடுமா?

யுபிஎஸ்சி மெயின்ஸ்க்கு ஹிஸ்டரி ஆப்ஷனல் எடுத்திருக்கிற தம்பி தங்கச்சிகளுக்குத்தான் இது. டெஸ்ட் பேப்பர் கட்டு ஒண்ணைத் திருத்தி முடிச்ச சூட்டோட எழுதுறேன், கொஞ்சம் காரமா இருந்தா பொறுத்துக்கோங்க. 14ஆம் நூற்றாண்டு டெல்லி சுல்தான் முகமது பின் துக்ளக்கைப் பத்தி அந்தக் காலத்துல வரலாறு எழுதினவங்க சொல்றதை எந்த அளவுக்கு நம்பலாம்னு கேட்டிருந்தேன். வந்த பதில்ல முக்கால்வாசி ஒரே அச்சு. தலைநகர் மாத்தினது, டோக்கன் கரன்சி (வெள்ளிக் காசு மதிப்புக்கு மலிவான உலோகக் காசு), தோவாப் (கங்கை, யமுனைக்கு நடுவுல இருக்கிற பகுதி) வரி, குராசான் படையெடுப்புத் திட்டம்னு ரெண்டு பக்கம் ஒப்பிச்சுட்டு, கடைசில "ஆனால் பரணி ஒருதலைப்பட்சமானவர், எனவே அவரது கூற்றுகள் நம்பத்தகுந்தவை அல்ல"ன்னு ஒரு வரி. கமா முதற்கொண்டு அதே இடத்துல இருக்கு! ஏதோ ஒரு டெலிகிராம் பிடிஎஃப் எல்லார் வீட்டுக்கும் போயிருக்குன்னு புரியுது.

கேட்டது திட்டங்களோட பட்டியல் இல்லப்பா, ஆதாரங்களை எடை போடச் சொன்னேன். நம்ப முடியாதுன்னு தூக்கிப் போடுறது எடை போடுறது ஆகாது. சார்பு இருந்தா அந்த ஆதாரம் வேஸ்ட்னு ஒரு நினைப்பு இருக்கு பாருங்க, வருஷா வருஷம் நல்ல பசங்களோட மார்க்கைக் காலி பண்றது அதுதான்.

யார் இந்த பரணி? 17 வருஷம் முகமது பின் துக்ளக்கூடவே அரசவைல இருந்த வரலாற்றாசிரியர். 1351ல சுல்தான் செத்ததும் ஃபிரோஸ் ஷா காலத்துல செல்வாக்கு போய், வறுமைல உக்காந்து, 1357 வாக்குல தன் வரலாற்று நூலை எழுதி முடிக்கிறார். புது சுல்தானோட தயவும் வேணும், பழைய எஜமானனைப் பத்தின மனக்குறையும் இருக்கு. உயர்குடில பிறந்தவங்கதான் அதிகாரத்துல இருக்கணும்னு நினைச்ச ஆளு, அதனால தோட்டக்காரன், நாவிதன், சமையல்காரன், சாராயம் காய்ச்சுறவன் எல்லாரையும் சுல்தான் பதவில வெச்சுட்டான்னு பக்கம் பக்கமா புலம்புறார். இதைத்தான் நீங்க சார்புன்னு சொல்லித் தள்ளிட்டுப் போறீங்க. நின்னு பாருங்க. இப்படி ஒருத்தர் வயிறெரியணும்னா, சுல்தான் பழைய துருக்கியப் பிரபுக்களைத் தாண்டி வெளியிலருந்து ஆளெடுத்திருக்கணும் இல்ல? அவரோட வெறுப்பே அங்க சாட்சி. அவர் கொடுக்கிற தீர்ப்பை ஏத்துக்க வேணாம், ஆனா அந்தக் கோபம் எங்கருந்து வருதுன்னு கேட்டீங்கன்னா அன்னைக்கு அதிகாரம் யார் கைலருந்து யார் கைக்குப் போச்சுன்னு தெரிஞ்சுடும்.

இப்ப டெல்லி காலியான கதை. 1327 வாக்குல தௌலதாபாத்துக்கு மாத்தினப்போ டெல்லில ஒரு நாய் பூனைகூட மிச்சமில்லைன்னு பரணி எழுதுறார். இசாமின்னு இன்னொரு வரலாற்றுக் கவிஞரும் திட்டுறார், ஆனா அவர் 1350ல தக்காணத்துல உக்காந்து, துக்ளக்கை எதிர்த்துப் பிரிஞ்சு போன பாமினி சுல்தானோட ஆதரவுல எழுதுறவர், அவங்க குடும்பமே அந்தப் பயணத்துல கஷ்டப்பட்டது வேற. மொராக்கோ பயணி இபன் பதூதா டெல்லிக்கு வர்றதே 1334 வாக்குலதான், அதனால குருடனைத் தரதரன்னு இழுத்துட்டுப் போய் கால் மட்டும் தௌலதாபாத் போய்ச் சேர்ந்துச்சுங்கிற கதை அவர் காதுல விழுந்தது, கண்ணால பார்த்தது இல்ல. மூணு பேரும் ஒரே மாதிரி சொல்றாங்க, அப்ப உண்மைதானேன்னு முடிச்சுடாதீங்க. அதே 1327, 1328 வருஷத்து சமஸ்கிருதக் கல்வெட்டுகள் டெல்லி சுத்துவட்டாரத்துலயே கிடைச்சிருக்கு, அதுல ஊர் செழிப்பாத்தான் இருக்கு. கல்வெட்டுக்காரனுக்கும் புகழ வேண்டிய அவசியம் இருந்திருக்கும், அதையும் கணக்குல எடுங்க. இதையெல்லாம் ஒண்ணா வெச்சுப் பார்த்தா, போனது பெரும்பாலும் பிரபுக்கள், உலமா (இஸ்லாமிய மத அறிஞர்கள்), சூஃபிகள்னு மேல்தட்டு, ஊரே காலி ஆகலங்கிற முடிவுக்கு நீங்களே வரலாம். பரணியோட "டெல்லி"ங்கிறது அவர் பழகின அந்த ஆளுங்கதான். இவ்ளோதாங்க நான் எதிர்பார்த்த பதில். இதுக்குப் புதுசா ஒரு புக்கும் வேணாம், உங்க நோட்ஸ்லயே எல்லாத் தகவலும் கிடக்கு.

புத்தகம்னா பயஸ்னு சந்தேகப்படுற நீங்க, கல்லுல பொறிச்சிருந்தா மட்டும் அப்படியே நம்பிடுறீங்க, அது என்ன கணக்குன்னு எனக்கு இன்னும் புரியல. கலிங்கப் போர்ல ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டாங்க, ஒன்றரை லட்சம் பேரை ஊரை விட்டுக் கொண்டு போனாங்கன்னு அசோகரே 13ஆம் பெரும்பாறைக் கல்வெட்டுல சொல்றார், உடனே "மனம் மாறினார், போரைக் கைவிட்டார்"னு கண்ணீரோட ஒரு பத்தி. அந்தக் கல்வெட்டு கலிங்கத்துல இல்லைன்னு எத்தனை பேர் எழுதுறீங்க? கலிங்கத்துல இருக்கிற தௌலி, ஜௌகடா ரெண்டு இடத்துலயும் 11, 12, 13ஆம் கல்வெட்டு மூணையும் விட்டுட்டு, அதுக்குப் பதிலா தனியா ரெண்டு கல்வெட்டு வெச்சிருக்காங்க, மக்களெல்லாம் என் பிள்ளைங்க, ஒழுங்கா நடத்துங்கன்னு அதிகாரிகளுக்கு உத்தரவு. வருத்தத்தைத் தோத்த மக்கள்கிட்ட சொல்லல, மத்த எல்லாருக்கும் சொல்லியிருக்கார். அதுவும் அதே 13ஆம் கல்வெட்டுல காட்டுவாசிகளைப் பார்த்து, வருத்தப்பட்டாலும் தண்டிக்கிற சக்தி எனக்கு இருக்குன்னு மிரட்டலும் சேர்ந்தே வருது. வருத்தம் பொய்னு நான் சொல்லல, யாருக்காக எங்க வெட்டினதுன்னு கேட்காம எழுதாதீங்கன்னுதான் சொல்றேன்.

நம்ம ஊர் உத்திரமேரூருக்கு வந்தா இன்னும் மோசம். சோழர் காலத்துல மக்களாட்சி, எல்லாரும் ஓட்டுப் போட்டாங்கன்னு நெஞ்சை நிமிர்த்திட்டு எழுதுறாங்க. பெருமைப்படுங்க, யார் வேணாம்னா. ஆனா பராந்தகன் காலத்து 921ஆம் வருஷக் கல்வெட்டைப் படிங்க: சபைல இடம் வேணும்னா கால் வேலிக்கு (வேலிங்கிறது பழைய நில அளவு) மேல வரி கட்டுற நிலம், சொந்த மனைல வீடு, 35லருந்து 70க்குள்ள வயசு, வேதம் தெரிஞ்சிருக்கணும். அது பிரமதேயத்துல, அதாவது பிராமணர்களுக்குத் தானமாக் கொடுத்த ஊர்ல, இருந்த பிராமணர் சபைங்க. அதைவிட ருசியான விஷயம், 919ல போட்ட விதியை ரெண்டே வருஷத்துல திருத்தியிருக்காங்க, வயசு 30 முதல் 60ன்னு இருந்தது மாறுது. கணக்குக் காட்டாதவனும் அவன் சொந்தக்காரனும் குடவோலைத் தேர்வுக்குக் குடத்துல பேர் போடக்கூடாதுன்னு எழுதி வெச்சிருக்காங்கன்னா, எவனோ காட்டாமப் போயிருக்கான்னு அர்த்தம். சட்டம்னு ஒண்ணைப் பார்த்தா, நாட்டுல அப்படி நடந்துச்சுன்னு எடுத்துக்காம, அதுக்கு எதிரா என்ன நடந்துட்டிருந்துச்சுன்னு யோசிங்க.

ரெண்டாம் தாள்ல 1857 சிப்பாய் கலகம். அரசியல், பொருளாதார, சமூக, மத, உடனடிக் காரணம்னு அஞ்சு தலைப்பு, எல்லாத்துக்கும் ஒரே நீளம். எது முக்கியம்னு கேட்டா முழிக்கிறது. காரணத்தைச் சோதிக்கணும்னா எங்க கலகம் நடக்கலைன்னு பாருங்க. மாட்டு, பன்றிக் கொழுப்பு தடவினதாச் சொன்ன தோட்டாதான் காரணம்னா மெட்ராஸ் படை ஏன் பெரும்பாலும் அமைதியா இருந்துச்சு? மதத்துல கை வெச்சா அவங்களும் எழுவாங்கங்கிறதுக்கு 1806 வேலூர்ச் சிப்பாய்க் கலகமே சாட்சி, அங்க தலைப்பாகையும் சாதிக்குறியும் பிரச்சினை. ஆனா வங்காளப் படைல கணிசமானவங்க அவத் (லக்னோ சுத்தின பகுதி) பக்கத்து விவசாயக் குடும்பம், 1856ல அவத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்துக்குது, ஊர்லயும் எரியுது, பாசறையிலயும் எரியுது. தோட்டா பத்த வெச்சது, எரிய விறகு அங்க இருந்துச்சு. இதை எழுதினா ரெண்டு தலைப்பு குறைஞ்சாலும் பரவால்ல.

வரலாற்றாசிரியர்கள் பேரை மசாலா மாதிரி தூவுறதையும் தயவுசெஞ்சு நிறுத்துங்க. ஒரு பேர் வந்தா, அவர் எந்த ஆதாரத்தை வெச்சு என்ன சொன்னார், இன்னொருத்தர் ஏன் ஒத்துக்கலைன்னு அடுத்த வரியே வரணும், இல்லைன்னா பேரே வேணாம். (கையெழுத்து பத்தியும் சொல்லணும், அது வேற சண்டை.)

சரி, என்ன பண்றது? சிலபஸ்ல இருக்கிற முக்கியமான ஆதாரம் ஒவ்வொண்ணுக்கும் அரைப் பக்கம் போதும்: யாரு, எப்ப, யாருக்காக, எதைச் சொல்லாம விட்டாங்க, கூட வேற எதை வெச்சுப் பார்க்கலாம். கைல எழுதுங்க, பிடிஎஃப் தேடாதீங்க. பழைய கேள்வித்தாள் எடுத்து, "விமர்சனரீதியாக ஆராய்க", "ஏற்றுக்கொள்கிறீர்களா"ன்னு வர்ற கேள்விக்கு முதல்ல உங்க முடிவை ஒரே வரில எழுதுங்க, அந்த வரி வரலைன்னா பதில் எழுத ஆரம்பிக்காதீங்க. மேப் கேள்வில 20 இடம், ஒவ்வொண்ணும் இரண்டரை மார்க், அதுக்கும் இதேதான்: வெறும் "புகழ்பெற்ற தொல்லியல் களம்"னு எழுதாம, அங்க என்ன கிடைச்சது, அதனால என்ன தெரிய வந்துச்சுன்னு எழுதுங்க.

எக்ஸாம் ஹால்ல யோசிச்சுக்கலாம்னு மட்டும் இருக்காதீங்கம்மா. 250 மார்க்குக்கு மூணு மணி நேரம், 20 மார்க் கேள்விக்குப் பதினாலு நிமிஷம்தான் விழும், அதுல எழுதுறதுக்கே கை வலிச்சுடும். பரணியோட சண்டை போடுறதெல்லாம் இப்பவே வீட்டுல போட்டு முடிச்சுக்கோங்க.