பச்சாதாபம்னா எம்பதியா?

நேத்து மச்சினி வீட்டுக்கு வந்தப்போ அவ வேல பாக்குற ஆஸ்பத்திரியில ட்ரெயினிங்குக்குக் குடுத்த பேப்பரக் காமிச்சா. "நோயாளிகளிடம் பச்சாதாபத்துடன் நடந்துகொள்ளவும்"னு போட்டிருக்கு. இங்கிலீஷ் பக்கத்துல எம்பதி, அதாவது அடுத்தவன் வலிய நம்ம வலியா உணர்றது. இதே கூத்த எத்தன எடத்துலதான் பாக்குறது!

பச்சாதாபம் வடசொல். பஸ்சாத்னா பின்னாடி, தாபம்னா வேகுறது. ஒண்ணச் செஞ்சுட்டு அப்புறமா உள்ளுக்குள்ள வேகுறதுதான் அது. இப்ப பேச்சுவழக்குல எரக்கம்னு ஆயிடுச்சு, சரி ஒத்துக்கறேன். ஆனா பழைய அர்த்தத்துல படிச்சா நர்ஸ் ஊசிய மாத்திப் போட்டுட்டு வருத்தப்படுறாங்க, புது அர்த்தத்துல படிச்சா நோயாளியப் பாத்து உச்சு கொட்டுறாங்க. ரெண்டுமே எம்பதி இல்லயே.

எம்பதி ஒண்ணும் ரொம்ப பழைய இங்கிலீஷ் வார்த்த இல்ல. ஜெர்மன்ல ஐன்ஃப்யூலுங்னு ஒரு சொல், உள்ள போய் உணர்றதுன்னு அர்த்தம், ஒரு தூணப் பாத்தா அது தாங்குற பாரத்த நாமளே தாங்குற மாதிரி தோணுதே, அந்த மாதிரி கலை ரசனை சமாச்சாரத்துக்குத்தான் மொதல்ல வச்சாங்க. அத 1909ல டிட்ச்னர்ங்கற உளவியல்காரர் கிரேக்க வேர வச்சு எம்பதின்னு ஆக்குனார். வேடிக்க என்னன்னா இன்னிக்கு கிரேக்கத்துல எம்பாதியான்னா வன்மம்!

பச்சாதாபம் வேணாம்னா ஒடனே 'புரிந்துணர்வு'ன்னு தூக்கிட்டு வருவாங்க. எனக்கு அதுமேலதான் கோவமே. ரெண்டு கம்பெனி கையெழுத்து போட்டா புரிந்துணர்வு ஒப்பந்தம், ரெண்டு நாட்டு மந்திரிங்க கைகுலுக்குனா புரிந்துணர்வு, அதே சொல்ல வலியில துடிக்கிறவன்கிட்ட காட்டுன்னா எப்புடி? புரியறது வேற, அவன் வலி நமக்குள்ள வர்றது வேற, கணக்கு கூடத்தான் புரியுது. அனுதாபத்த தேர்தல்காரங்க எடுத்துக்கிட்டாங்க, அனுதாப அலை, அனுதாப ஓட்டுன்னு, அத இனி திருப்பி வாங்க முடியாது.

என் ஓட்டு ஒத்துணர்வுக்கு. "ஒத்துப்போறது மாதிரி கேக்குதே"ன்னு ஒரு நண்பர் சொன்னார். கேக்கட்டும், பழகுனா சரியாயிடும். வள்ளுவர் "பிறிதின்நோய் தந்நோய்போல்"னு ரெண்டே சொல்லுல முடிச்ச விஷயத்துக்கு நாம தடவிக்கிட்டு இருக்கோம், மொழிபெயர்க்குறவங்க அகராதியில மொதல்ல கெடச்சத எடுத்து ஒட்டிட்டுப் போயிடறாங்க, படிச்சுப் பாக்க யாரும் இல்ல.

இவ்ளோத்தையும் மச்சினிகிட்ட கொட்டுனேன். டீயக் குடிச்சுக்கிட்டே, "புதுசா வர்ற பொண்ணுங்ககிட்ட நாங்க, அந்தக் கட்டில்ல நீ படுத்திருக்கறதா நெனச்சுக்கடீன்னுதான் மாமா சொல்லுவோம்"ங்கறா.

அதையே பேப்பர்ல போட்டிருக்கலாம்.