போர்பன் பாட்டிலின் பின்பக்கம்: உள்ளே இருப்பதை வடித்தது யார்?

அமெரிக்க மதுக்கடை ஒன்றின் அலமாரியில் ஜே.டபிள்யூ. டான்ட், ஜே.டி.எஸ். பிரவுன், ஹென்றி மெக்கென்னா என்று மூன்று போர்பன் (மக்காச்சோளம் மிகுந்த அமெரிக்க விஸ்கி) பாட்டில்கள் இருந்தால், மூன்று பழைய குடும்பங்களின் தனித்தனித் தொழில் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மூன்றுமே கென்டக்கி மாநிலத்து ஹெவன் ஹில் நிறுவனத்தின் சரக்கு. அந்தக் குடும்பங்கள் 19-ஆம் நூற்றாண்டில் நிஜமாகவே விஸ்கி வடித்தவைதான். தொழில் பலமுறை கைமாறி, கடைசியில் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இன்னொரு வகையும் உண்டு: சொந்தமாக வடிசாலையே இல்லாத பிராண்டுகள். போர்பன் என்று சொல்ல வேண்டுமானால் தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். உட்புறம் தீயில் கருக்கிய புது ஓக் மரக் கலனில் ஊற வேண்டும். ‘ஸ்ட்ரெயிட்’ என்ற அடைமொழிக்குக் குறைந்தது 2 ஆண்டு ஊறியிருக்க வேண்டும். நல்ல சரக்குக்கு 4, 6, 8 ஆண்டு என்று போகும். அத்தனை வருடம் வருமானமில்லாமல் காத்திருக்க எல்லாராலும் முடியாது. அதனால் வேறொருவர் வடித்து ஊறவைத்த பீப்பாய்களை வாங்கி, தங்கள் பெயரில் பாட்டிலில் அடைக்கிறார்கள். போன வருடம் தொடங்கிய கம்பெனி 8 வருடச் சரக்கு விற்றால் விஷயம் அதுதான். இதில் தவறொன்றும் இல்லை. நல்ல பீப்பாய்களைத் தேர்ந்து கலப்பது பெரிய திறமை. ஆனால் வாங்கிய சரக்கைத் தாத்தா காலத்துக் கைப்பக்குவம் என்று சொல்லி விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. காசு கொடுப்பவருக்கு உண்மை தெரிந்தாக வேண்டும்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கத்துச் சிற்றெழுத்துகளைப் படிக்க வேண்டும். ‘டிஸ்டில்டு பை’ என்று இருந்தால், அதில் சொல்லப்படுபவர் வடித்திருக்கிறார். ‘பாட்டில்டு பை’ என்று மட்டும் இருந்தால் அடைத்தவர் யார் என்பதுதான் தெரியும். ‘புரொட்யூஸ்டு பை’ என்பதை நம்பிவிடக் கூடாது. அதை வைத்து அவர்தான் வடித்தார் என்று சொல்லிவிட முடியாது.

அடுத்தது மாநிலம். லேபிளில் உள்ள முகவரி ஒரு மாநிலத்திலும் வடித்த இடம் வேறொரு மாநிலத்திலும் இருந்தால், வடித்த மாநிலத்தை அச்சிட வேண்டும் என்பது அமெரிக்க மத்திய அரசின் விதி. இந்த விதி வெகுகாலம் சரியாகக் கண்காணிக்கப்படவில்லை. டெம்பிள்டன் ரை என்ற பிராண்ட், அயோவா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் மதுவிலக்குக் காலக் கதையைச் சொல்லி விற்றது. விஸ்கி வந்தது இண்டியானாவிலிருந்து. 2014-இல் வாடிக்கையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2015-இல் சமரசம் ஆகி, வாங்கியவர்களுக்கு ஒரு தொகை திருப்பித் தரப்பட்டது, லேபிளும் மாறியது.

லேபிளில் ‘இண்டியானா’ என்று பார்த்தாலே, பெரும்பாலும் லாரன்ஸ்பர்க் என்ற ஊரின் பிரம்மாண்டமான ஆலை அது என்று ஊகிக்கலாம். முன்பு சீகிராம் நிறுவனத்துடையது. 2011-இல் எம்.ஜி.பி. நிறுவனம் வாங்கியது; 2021 முதல் ஆலையின் பெயர் ராஸ் அண்ட் ஸ்குயிப். டெம்பிள்டன் விஸ்கியும் இங்கே வடித்ததுதான். இந்த ஆலையின் தானிய விகிதங்கள் ஊரறிந்தவை: 95 சதவீதம் ரை என்ற தானியம், 5 சதவீதம் முளைகட்டிய பார்லி என்பது ஒன்று. போர்பனில் 75 மக்காச்சோளம், 21 ரை, 4 பார்லி என்பது மற்றொன்று. பெயர் தெரியாத பிராண்ட் ஒன்று இந்த எண்களை அப்படியே அச்சிட்டு, இண்டியானா என்றும் போட்டிருந்தால் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. டென்னசி என்று போட்டு 84–8–8 என்று இருந்தால் ஜார்ஜ் டிக்கெல் வடிசாலையைச் சந்தேகிக்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்த தடயம் ‘பாட்டில்டு இன் பாண்ட்’ என்ற சொற்றொடர். 1897-ஆம் ஆண்டுச் சட்டம் இது. ஒரே வடிசாலை, ஒரே பருவம், குறைந்தது 4 ஆண்டு ஊறல், சரியாக 50 சதவீத ஆல்கஹால். இந்த வகையில் வடித்த ஆலையின் அரசுப் பதிவெண்ணை, அதாவது டி.எஸ்.பி. எண்ணை, லேபிளில் போட்டே ஆக வேண்டும். வேறிடத்தில் அடைத்தால் அந்த இடத்தின் எண்ணும் வேண்டும். கே.ஒய். என்பது கென்டக்கியைக் குறிக்கும். கே.ஒய்.1 என்றால் லூயிவில் நகரில் ஹெவன் ஹில் நடத்தும் பெர்ன்ஹைம் ஆலை. கே.ஒய்.113 என்றால் பஃபலோ டிரேஸ் ஆலை. கே.ஒய்.31 என்பது பார்ட்ஸ்டவுனில் இருக்கும் ஹெவன் ஹில்லின் பழைய இடம். 1996 நவம்பரில் அங்கே பெருந்தீ பிடித்தது. ஏழு கிடங்குகளும் சுமார் 90,000 பீப்பாய்களும் எரிந்தன, வடிசாலையும் போயிற்று. 1999-இல் பெர்ன்ஹைமை வாங்கும்வரை ஹெவன் ஹில்லுக்கான விஸ்கியைப் போட்டி நிறுவனங்களே வடித்துக் கொடுத்தன. ஆக, அந்தச் சில ஆண்டுகளில் வடித்த சரக்கைப் பொறுத்தவரை, பெயர்பெற்ற நிறுவனத்தின் பாட்டிலையே திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பாட்டிலில் எதுவும் கிடைக்காவிட்டால் அரசுப் பதிவேடு. ஒவ்வொரு மது லேபிளுக்கும் மத்திய அரசின் டி.டி.பி. துறை ஒப்புதல் தர வேண்டும். அந்த விண்ணப்பங்களை இணையத்தில் இலவசமாகத் தேடலாம்; யாருடைய உரிம எண்ணில் லேபிள் பதிவாகியிருக்கிறது என்று தெரிந்துவிடும். லேபிளில் அழகான பெயருடன் இருக்கும் ‘டிஸ்டில்லிங் கம்பெனி’ பலசமயம் ஒரு பெரிய ஆலையின் வணிகப் பெயராகத்தான் இருக்கும். ஆனால் இதில் தெரிவது அடைத்தவர் யார் என்பது. வடித்தவரும் அவரேதான் என்று அங்கிருந்து தாவிவிடக் கூடாது.

இதையெல்லாம் விட்டுவிட்டு, விஸ்கியையே சோதனைக்கூடத்தில் கேட்டால் என்ன? கொஞ்சம் சொல்லும். மக்காச்சோளம் ஒளிச்சேர்க்கை செய்யும் முறை ரை, பார்லி, கோதுமையினுடையதிலிருந்து வேறுபட்டது. காற்றிலுள்ள கனமான கார்பன்-13 அதில் கூடுதலாகச் சேரும். நொதித்து வடித்த பிறகும் அந்த வேறுபாடு ஆல்கஹாலில் தங்கிவிடும். எனவே கார்பன் விகிதத்தை அளந்து மக்காச்சோளத்தின் பங்கைத் தோராயமாகச் சொல்லலாம். அப்புறம் ஈஸ்ட். ஒவ்வொரு வீட்டு உறைமோருக்கும் ஒரு தனிப் புளிப்பு இருப்பதுபோல, ஒவ்வொரு ஆலையின் ஈஸ்ட்டும் தனக்கென்று ஒரு மணத்தை விட்டுச் செல்லும். ஃபோர் ரோஸஸ் ஆலை 2 தானியக் கலவைகளையும் 5 ஈஸ்ட் வகைகளையும் வைத்து 10 விதமான போர்பன் செய்கிறது. பழமணம், மலர்மணம் தரும் எஸ்டர் என்ற வேதிப்பொருள்களை வாயு நிறப்பிரிகை முறையில் பிரித்து அளக்கலாம். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க, ஆலை தெரிந்த மாதிரி ஒன்று கையில் இருக்க வேண்டும்.

லூயிவில் பல்கலைக்கழகத்தின் ஸ்டூவர்ட் வில்லியம்ஸ் குழு 2020-இல் வெளியிட்ட ஆய்வு இதில் அழகானது. அமெரிக்க விஸ்கியை 20–25 சதவீத ஆல்கஹால் அளவுக்கு நீர்த்து, கண்ணாடியில் ஒரு சிறு துளி வைத்து உலரவிட்டால், சிலந்திவலை போன்ற கோடுகள் தோன்றுகின்றன. கருக்கிய புது மரத்திலிருந்து இறங்கிய, நீரில் கரையாத பொருள்கள் துளியின் மேல் ஏடாகப் படிகின்றன. துளி சுருங்கும்போது ஏடு மடிந்து வலையாகிறது. பிராண்டுக்குப் பிராண்ட் வலை மாறுகிறது. பெரும்பாலும் பழைய பீப்பாயில் ஊறும் ஸ்காட்ச்சில் இப்படி வரவில்லை. போலிச் சரக்கைப் பிடிக்க இது உதவலாம். ஆனால் வலை பேசுவது மரத்தைப் பற்றித்தான். வடித்த கையைப் பற்றி அது சொல்வது குறைவு.

இப்போது தேடலைக் கடினமாக்குவது கூலிக்கு வடித்துத் தரும் ஆலைகள். 2016-இல் வடிக்கத் தொடங்கிய பார்ட்ஸ்டவுன் போர்பன் கம்பெனி, பல பிராண்டுகளுக்கு அவரவர் கேட்ட தானிய விகிதத்தில் வடித்துக் கொடுக்கிறது. அங்கே விகிதத்தை வைத்து ஆலையை ஊகிக்கும் வித்தை பலிக்காது. பாட்டில்டு இன் பாண்ட் ஆக இருந்தால் எண் காட்டிக்கொடுத்துவிடும். இல்லையென்றால் லேபிள் ‘கென்டக்கி’ என்பதோடு நின்றுவிடும். மீதியை அந்த பிராண்ட்காரரே சொன்னால்தான் உண்டு.