எஸ்போசிட்டோ: ஒரு குடும்பப்பெயரின் பூர்வீகம்

எஸ்போசிட்டோ ஓர் இத்தாலியக் குடும்பப்பெயர். நேப்பிள்ஸ் பக்கம் தடுக்கி விழுந்தால் ஓர் எஸ்போசிட்டோ மேல்தான் விழ வேண்டும், அவ்வளவு பேர் இருக்கிறார்கள். 1889இல் மார்கரிட்டா பீட்சாவை அரசிக்குச் செய்து கொடுத்ததாகச் சொல்லப்படும் ரஃபாயெலேயும் ஓர் எஸ்போசிட்டோதான். இத்தாலியர்கள் 'போ'வை அழுத்திச் சொல்வார்கள். அமெரிக்காவுக்குப் போனதும் அந்த அழுத்தம் 'சி'க்கு நகர்ந்துவிட்டது.

வேர் லத்தீன். 'எக்ஸ்' என்றால் வெளியே, 'போனெரே' என்றால் வைப்பது. 'எக்ஸ்போசிட்டுஸ்' என்றால் வெளியே வைக்கப்பட்டவன். வைக்கப்பட்டது, பெற்றவர்கள் விட்டுவிட்டுப் போன பச்சைக் குழந்தை.

நேப்பிள்ஸில் அன்னுன்சியாட்டா என்றொரு பழைய அறநிலையம் உண்டு. அதன் சுவரில் சுழலும் மர உருளை ஒன்று இருந்தது. தெருப்பக்கம் நின்று குழந்தையை அதில் வைத்துச் சுழற்றினால் குழந்தை உள்ளே போய்விடும். வைத்தவர் முகம் உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. திருமணத்துக்கு வெளியே பிறந்தவை மட்டும் அங்கே வரவில்லை, வறுமையால் கைவிடப்பட்டவையும் வந்தன. பின்னாளில் அடையாளம் காட்டித் திரும்பப் பெறலாம் என்ற நம்பிக்கையில் உடைத்த பதக்கத்தின் பாதியைக் கழுத்தில் கட்டி அனுப்பியவர்களும் உண்டு. உள்ளே எடுத்த குழந்தைக்கு ஒரு பெயர் வைத்து, குடும்பப்பெயராக எஸ்போசிட்டோ என்று பேரேட்டில் எழுதிவிடுவார்கள். உருளையை 1875இல் மூடினார்கள்.

இதே வழக்கம் மற்ற ஊர்களில் வேறு பெயர்களைத் தந்தது. ரோமில் ப்ரொயெட்டி, ஃப்ளாரன்ஸில் இன்னொசெந்தி, மிலானில் கொலொம்போ. கடைசிப் பெயருக்குப் புறா என்று பொருள். மிலான் மருத்துவமனையின் சின்னம் அது. (கொழும்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

பெயரைக் கேட்டதுமே பிறப்பு தெரிந்துவிடுகிறதே என்று, நெப்போலியனின் மைத்துனர் முரா நேப்பிள்ஸ் மன்னராக இருந்த காலத்தில் (1808–1815), இப்படிப் பெயரிடுவதைத் தடை செய்தார்கள். ஆனால் ஏற்கெனவே எஸ்போசிட்டோ ஆனவர்களுக்குப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பிறந்து பெயர் பெருகிக்கொண்டே போனது. 1880 முதல் 1924 வரை சுமார் 40 லட்சம் இத்தாலியர்கள் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள், பெரும்பாலும் தெற்கத்திக்காரர்கள். அவர்களோடு இந்தப் பெயரும் போனது. அர்ஜென்டினாவுக்கும் கனடாவுக்கும் போனவர்களும் உண்டு. ஐஸ் ஹாக்கியில் புகழ்பெற்ற ஃபில், டோனி சகோதரர்கள் கனடாவில் பிறந்த எஸ்போசிட்டோக்கள்.

நியூயார்க்கில் குடியேறிகளைச் சோதித்து உள்ளே விட்ட எல்லிஸ் தீவின் அதிகாரிகள் பெயரை மாற்றி எழுதினார்கள் என்ற கதை பல குடும்பங்களில் ஓடுகிறது. அது உண்மையில்லை. பயணிகள் பட்டியல் கப்பல் புறப்படும் துறைமுகத்திலேயே எழுதப்பட்டுவிடும். அதிகாரிகள் அதைச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். ஆகவே அமெரிக்கப் பேரப்பிள்ளை வேரைத் தேடினால் கப்பல் பட்டியல் வழியாக நேப்பிள்ஸ் வரை ஒழுங்காகப் போய்விடலாம். அப்புறம் ஏதோ ஒரு தலைமுறையில் அந்த உருளையில் முட்டி நிற்க வேண்டும். இரண்டு எஸ்போசிட்டோக்கள் சந்தித்தால் உறவு கொண்டாட அவசரப்பட வேண்டாம் என்பதும் இதனால்தான். ஒரே பாட்டனின் வாரிசுகள் இல்லை, ஒரே கதவு வழியாக வந்தவர்கள்.

எஸ்போசிட்டோ என்ற சொல்லின் பொருளைத் தமிழில் எப்படிச் சொல்லலாம்? பிச்சை, குப்புசாமி போன்ற பெயர்களைச் சிலர் நினைக்கக்கூடும். அவை பொருந்தாது. முன்பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், இதையாவது எமன் விட்டுவைக்கட்டும் என்று குப்பையில் புரட்டி எடுத்து வைத்த பெயர்கள் அவை. வேண்டி விரும்பிப் பெற்ற பிள்ளைகள். 'அநாதை' என்பதும் சரியில்லை, பெற்றோர் உயிரோடு இருந்திருக்கலாம். சொல்லுக்குச் சொல் 'வெளிவைக்கப்பட்டவர்' என்று வரும், ஆனால் அப்படி யாரும் பேச மாட்டார்கள். என் தேர்வு 'தொட்டில் குழந்தை'. 1992இல் சேலத்தில் தொடங்கிய அரசுத் திட்டத்தால், பெற்றவர் பெயர் சொல்லாமல் விட்டுச்செல்லும் குழந்தை என்ற பொருள் அந்தச் சொல்லில் ஏற்கெனவே ஏறிவிட்டது. குடும்பப்பெயராக எழுதும்போது மட்டும் எஸ்போசிட்டோ என்றே விட்டுவிடலாம்.