சில்லறைக் கடைக்கு உத்யம் பதிவு: கிடைப்பது எது, கிடைக்காதது எது

பெங்களூரில் அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம், விவேக்நகர் பகுதிகளில் மளிகை, காய்கறி, பூ, துணி, காண்டிமென்ட்ஸ் என்று கடை நடத்தும் தமிழர்களில் பலர், சரக்கு எடுக்கப் பணம் தேவைப்படும்போது முதலில் நாடுவது தண்டல்காரரைத்தான். 10,000 ரூபாய்க்குக் கணக்கு எழுதிவிட்டு 9,000 ரூபாயைக் கையில் கொடுத்து, நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் வசூலிக்கும் தண்டலில், அசல் நாள்தோறும் குறைந்து வருவதையும் சேர்த்துப் பார்த்தால் ஆண்டு வட்டி 75 விழுக்காட்டைத் தாண்டிவிடுகிறது. பத்து நிமிடத்தில் சரக்கை வாசலில் கொண்டுவந்து கொடுக்கும் செயலிகளோடு போட்டி போட வேண்டிய தெருமுனைக் கடை, இந்த வட்டியையும் சுமந்துகொண்டு நெடுநாள் தாக்குப்பிடிக்க முடியாது. வங்கிக் கடனுக்குப் போவதற்கான முதல் படி, குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்காக மத்திய அரசு நடத்தும் உத்யம் பதிவு. அது எதைத் தரும், எதைத் தராது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இடைத்தரகரிடம் பணம் கொடுத்து ஏமாறுகிறவர்கள் உண்டு என்பதால், அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சில்லறை வணிகமும் மொத்த வணிகமும் 2017-இல் குறு, சிறு, நடுத்தரத் தொழில் பதிவிலிருந்து விலக்கப்பட்டிருந்தன. 2021 ஜூலை 2-ஆம் தேதி மத்திய அரசு வெளியிட்ட அலுவலகக் குறிப்பாணை அவற்றை மீண்டும் சேர்த்துக்கொண்டது. ஆனால் அந்தக் குறிப்பாணையிலேயே ஒரு வரம்பு இருக்கிறது: வணிகர்களுக்குக் கிடைப்பது முன்னுரிமைத் துறைக் கடன் என்ற ஒரே பயன்தான். பொருள் வாங்கியவர் பணம் தரத் தாமதித்தால் 45 நாள் கணக்கில் வட்டியோடு கேட்கும் உரிமை, உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும் உண்டு. வாங்கி விற்கும் கடைக்காரருக்கு இல்லை. ஆகவே ‘பதிவு செய்தால் மானியம் கணக்கில் வந்து விழும்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஒரே பயன் என்பதால் அது அற்பமானது என்று நினைத்துவிடக் கூடாது. வணிக வங்கிகள் தாம் தரும் கடனில் 40 விழுக்காட்டை முன்னுரிமைத் துறைகளுக்கும், அதற்குள் 7.5 விழுக்காட்டைக் குறுந்தொழில்களுக்கும் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. முதலீடு 2.5 கோடி ரூபாய்க்கும், ஆண்டு விற்றுமுதல் 10 கோடி ரூபாய்க்கும் மிகாத நிறுவனம் குறுந்தொழில் என்று 2025 ஏப்ரல் 1 முதல் வரையறுக்கப்பட்டிருப்பதால், நம் தெருக்கடைகள் அனைத்தும் அதற்குள் அடங்கும். உத்யம் சான்று கையில் இருந்தால், உங்களுக்குத் தரும் கடனை அந்த இலக்கின் கணக்கில் காட்டிக்கொள்ள வங்கியால் முடியும். வங்கி மேலாளர் அந்தச் சான்றைக் கேட்பதற்குக் காரணம் இதுதான். கடைக்காரருக்குக் கொஞ்சமேனும் பேரம் பேசும் வலிமை தருவதும் இதுதான்.

பதிவு முழுக்க இணையவழியில் நடக்கிறது; கட்டணம் கிடையாது, புதுப்பிக்கவும் தேவையில்லை. அரசு இணையதளத்தைப் போலவே தோற்றம் காட்டிக் கட்டணம் கேட்கும் தனியார் தளங்கள் இருக்கின்றன. பணம் கேட்டாலே அது அரசுத் தளம் அன்று. உரிமையாளரின் ஆதார் எண்ணும், அதோடு இணைந்த கைப்பேசி எண்ணும், பான் எண்ணும் வேண்டும். ஆதாரில் வேலூர், திருவண்ணாமலை என்று ஊர் முகவரி இருப்பது பதிவுக்குத் தடையாகாது. கடையின் முகவரி படிவத்தில் தனியே கேட்கப்படுகிறது. தொழில் வகையில் சில்லறை வணிகத்துக்குரிய 47-ஆம் பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெறும் வாங்கி விற்கும் கடையைச் ‘சேவை’ என்று போட்டுத் தருகிறோம் என்பவர்களின் பேச்சைக் கேட்டால், தவறான தகவல் தந்ததற்குக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி தண்டனைக்கு ஆளாக நேரிடும். மாறாக, கடைக்குப் பின்னால் அடுப்பு வைத்து முறுக்கும் சிப்ஸும் நீங்களே போட்டு விற்கிறீர்கள் என்றால், அது உற்பத்திதான்; அதை உள்ளபடியே சேர்த்துக் குறிப்பிடுவதில் தவறில்லை, குறிப்பிடுவதே நல்லது.

பான் எண்ணோ ஜிஎஸ்டி எண்ணோ இல்லாத மிகச் சிறிய கடைகளுக்காக 2023 ஜனவரியில் உத்யம் அசிஸ்ட் என்ற தளம் தொடங்கப்பட்டது. அதில் வங்கி, நுண்கடன் நிறுவனம் போன்றவை உங்கள் சார்பில் பதிவு செய்யும். கடன் விஷயத்தில் அந்தச் சான்றும் உத்யம் சான்றுக்கு நிகராகவே கொள்ளப்படும்.

இங்கே ஜிஎஸ்டி பற்றிய அச்சத்தையும் பேசியாக வேண்டும். 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, யூபிஐ வரவை வைத்துச் சிறு கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியபோது, பலர் கியூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு ‘ரொக்கம் மட்டும்’ என்று எழுதி ஒட்டினார்கள். அச்சம் புரிகிறது, ஆனால் அந்த முடிவு கடைக்காரரையே பாதிக்கிறது என்பது என் கருத்து. வருமான வரிக் கணக்கு இல்லாத கடைக்கு வங்கியிடம் காட்டக்கூடிய வலுவான ஆதாரம், நாள்தோறும் பத்தும் இருபதுமாய் யூபிஐயில் வந்து சேர்ந்த வரவுதான். பொருள் மட்டும் விற்கும் கடைக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். காய்கறி, பழம், பால் போன்ற வரிவிலக்குப் பொருள்களை மட்டுமே விற்பவருக்கு அதற்கு மேல் போனாலும் கட்டாயமில்லை; அதே கடையில் பிஸ்கட்டும் சோப்பும் விற்றால், எல்லாவற்றையும் கூட்டித்தான் 40 லட்சம் கணக்கிடப்படும். தாண்டியவர்களுக்கும் 1.5 கோடி வரை காம்போசிஷன் திட்டம் இருக்கிறது: வணிகர் வரிக்குரிய விற்றுமுதலில் 1 விழுக்காடு கட்டினால் போதும், ஆனால் வாடிக்கையாளரிடம் வரியைத் தனியே வசூலிக்கவோ வெளிமாநிலத்துக்கு விற்கவோ கூடாது.

சான்று கிடைத்த பின் கேட்க வேண்டியது முத்ரா கடன். சிஷு 50,000 ரூபாய் வரை, கிஷோர் 5 லட்சம் வரை, தருண் 10 லட்சம் வரை. தருண் கடனை ஒழுங்காக அடைத்தவர்களுக்கு 2024 முதல் தருண் பிளஸ் என்று 20 லட்சம் வரை. அடமானம் தேவையில்லை. வட்டியை அந்தந்த வங்கியே முடிவு செய்வதால் இரண்டு மூன்று கிளைகளில் விசாரிப்பது நல்லது. தீபாவளிக்கு முன் சரக்கு நிரப்பி, விற்றதும் திருப்பிக் கட்டும் கடைக்கு, மாதத் தவணைக் கடனைவிட நடைமுறை மூலதனக் கடனே பொருந்தும். எடுத்த தொகைக்கு, எடுத்த நாளுக்கு மட்டுமே அதில் வட்டி. 2026 ஜனவரி 1 முதல் மாறும் வட்டியில் வணிக வங்கி தரும் தொழில் கடனை முன்கூட்டியே அடைத்தால், குறு, சிறு நிறுவனங்களிடம் அபராதம் வாங்கவும் கூடாது.

விண்ணப்பத்தைக் கொடுத்ததும் தேதியிட்ட ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அதைத் தர வேண்டியது வங்கியின் கடமை. குறு, சிறு நிறுவனங்களின் 25 லட்சம் ரூபாய் வரையிலான விண்ணப்பத்தில் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது ரிசர்வ் வங்கி. ‘பிறகு பார்க்கலாம்’ என்று வாய்மொழியாகத் திருப்பி அனுப்பினால், மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கிளையிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். கடன் தரலாமா வேண்டாமா என்ற வங்கியின் வணிக முடிவில் அவர் தலையிடமாட்டார். ஒப்புகை தராததும், காலம் கடத்தியதும் சேவைக் குறைபாடு என்பதால், புகாரை அந்த இரண்டின் மீது எழுதி, சீட்டின் நகலை இணைத்து அனுப்ப வேண்டும்.