எண்ணாமல் எழுதிய 20

நைட் டியூட்டிக்குப் போனதும் நான் முதலில் பார்ப்பது சார்ட்டில் மூச்சு எழுதும் கட்டத்தைத்தான். காய்ச்சல் கட்டத்தில் 98.6, 101, 99.4 என்று ஆளுக்கொரு எண் இருக்கும். பல்ஸும் பிபியும் அப்படியே. மூச்சுக் கட்டத்தில் மட்டும் வார்டு முழுக்க 20, 20, 20. முப்பது பேர் ஒரே தாளத்தில் மூச்சு விட மாட்டார்கள். யாரும் எண்ணவில்லை, அவ்வளவுதான்.

யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. நானும் அப்படி எழுதியவள்தான். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம். சிறுநீர்த் தொற்றுக் காய்ச்சலோடு ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் சேர்ந்திருந்தார். மாலை ஆறு மணிக்குக் காய்ச்சல் 100, பல்ஸ் 104, பிபி 110/70, மூச்சு 20 என்று எழுதினேன். முதல் மூன்றும் அளந்தவை. நான்காவது கை தானாக எழுதியது. "எப்படி இருக்கீங்க ஐயா?" என்று கேட்டதற்கு, "அசதியா இருக்கும்மா, வேற ஒண்ணுமில்ல" என்றார்.

ராத்திரி பதினொரு மணிக்கு அவர் மனைவி ஓடி வந்தார். ஐயா உளறிக்கொண்டிருந்தார். பிபி 80க்கு இறங்கியிருந்தது. ஐசியூவுக்கு மாற்றினோம். பல நாள் போராடிப் பிழைத்து வீட்டுக்குப் போனார். ஆனால் அன்று ராத்திரி வராந்தாவில் அந்த அம்மா சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. "சாயங்காலத்துலேர்ந்தே மேமூச்சு வாங்கிட்டுத்தான் இருந்தாரு சிஸ்டர். நீங்க வந்து பாத்துட்டுத்தானே போனீங்க?"

பார்த்துவிட்டுத்தான் போனேன். எண்ணவில்லை.

உடம்பில் எந்த மூலையில் பெரிய கோளாறு வந்தாலும் ஈடுகட்ட முதலில் கிளம்புவது மூச்சும் இதயத் துடிப்பும்தான். தொற்று ரத்தத்தில் பரவினாலும், உள்ளுக்குள் ரத்தம் கசிந்தாலும், சிறுநீரகம் கெட்டு அமிலம் சேர்ந்தாலும் நுரையீரல் வேகத்தைக் கூட்டிச் சமாளிக்கப் பார்க்கும். அது சமாளிக்கும் வரை பிபி நல்லபடியாகவே காட்டும். சமாளிக்க முடியாமல் போகும்போதுதான் பிபி விழும். இடையில் சில மணி நேரம் நம் கையில் இருக்கிறது. என் நோயாளிக்கு அந்த நேரத்தைத்தான் நான் "20" என்று எழுதிக் கடந்து போனேன்.

ஓய்வாக இருக்கும் பெரியவருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. லண்டனில் உள்ள ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012இல் ஒரு மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தது. நோயாளி மோசமாகப் போகிறாரா என்பதை முன்கூட்டியே பிடிக்க உதவும் முறை அது. அதில் மூச்சு 21 முதல் 24 வரை இருந்தால் 2 மதிப்பெண். 25 ஆகிவிட்டால் 3. மற்ற அளவுகள் எல்லாம் ஒழுங்காக இருந்தாலும், ஏதாவது ஒன்றில் மட்டும் 3 வந்தால் அவசரமாகப் பார்க்க வேண்டும் என்கிறது அந்த முறை. எண்ணாமல் எழுதும் 20க்கும் எண்ணிப் பார்த்தால் வரக்கூடிய 26க்கும் நடுவில் இவ்வளவு இருக்கிறது.

எப்படி எண்ணுவது? முழுதாக ஒரு நிமிடம். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒரு மூச்சு பிசகினாலும் கணக்கில் நான்கு பிசகும். "மூச்சை எண்ணப் போறேன்" என்று சொல்லாதீர்கள். சொன்ன உடனே யாருக்கும் மூச்சு மாறிவிடும். பல்ஸ் பார்த்து முடித்ததும் விரலை எடுக்காமல், கண்ணை மட்டும் மார்புக்குக் கொண்டுபோங்கள். போர்வையோ சேலையோ மறைத்தால், நோயாளியின் கையை அவர் வயிற்றின்மேல் மடித்து வைத்து மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். கை ஏறி இறங்குவதே கணக்கு. எண்ணும்போதே மற்றதும் கண்ணில் படும். தோளைத் தூக்கி மூச்சு விடுகிறாரா, கழுத்துக் குழி உள்ளே இழுக்கிறதா, ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்கிறாரா, இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்துகிறாரா? சாப்பிட்டீர்களா என்று கேட்டு, பதில் வரும் விதத்தைக் கவனித்தாலே பாதி பரிசோதனை முடிந்துவிடும்.

குழந்தைகளுக்குக் கணக்கு வேறு. இரண்டு மாதத்துக்குக் கீழ் நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 முதல் 12 மாதம் வரை 50 அல்லது மேல், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது மேல் இருந்தால் அது வேகமான மூச்சு. இருமலோடு வரும் குழந்தைக்கு நிமோனியா இருக்கலாம் என்று சந்தேகிக்க உலக சுகாதார நிறுவனம் தரும் அளவு இது. குழந்தை அழும்போது எண்ணிப் பயனில்லை. அம்மா மடியில் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு எண்ணுங்கள். மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே பள்ளம் விழுந்தால், கணக்கை முடிக்கக்கூடக் காத்திருக்க வேண்டாம்.

"ஆக்ஸிஜன் 98 காட்டுதே சிஸ்டர்?" கொரோனாவுக்குப் பிறகு நான் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். பல்ஸ் ஆக்ஸிமீட்டர் அருமையான கருவி. கொரோனா காலத்தில், மூச்சுத் திணறலே தெரியாமல் பேசிக்கொண்டு வந்து நின்றவர்களுக்கு ஆக்ஸிஜன் 80களில் இருந்ததை அதுதான் காட்டிக்கொடுத்தது. ஆனால் அது ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். சர்க்கரை மிக அதிகமாகி ரத்தத்தில் அமிலம் சேர்ந்த ஒரு கல்லூரி மாணவியை, வயிற்றுவலி வாந்தி என்று கூட்டி வந்தார்கள். ஆக்ஸிஜன் 99. வீட்டார் நிம்மதியாக இருந்தார்கள். எண்ணிப் பார்த்தால் மூச்சு 34, ஒவ்வொன்றும் ஆழமான மூச்சு. அமிலத்தை வெளியேற்ற நுரையீரல் அப்படி உழைக்கிறது. ஆக்ஸிஜனுக்கு அங்கே குறைவே இல்லை. விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது.

இன்னொன்றும் நம் ஊருக்கு முக்கியம். கருத்த தோல் உள்ளவர்களுக்கு இந்தக் கருவி சில சமயம் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும் என்று 2020இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு சொன்னது. நகப்பூச்சும் குளிர்ந்த விரலும் வேறு குழப்பும். ரத்தசோகையோ நீலம் பாய்வதோ நம் தோல் நிறத்தில் சட்டென்று தெரியாது. கீழ் இமையை இறக்கிப் பாருங்கள், நாக்கைப் பாருங்கள், உள்ளங்கையை உங்கள் கையோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். மஞ்சள் காமாலைக்கு ஜன்னல் பக்கம் கூட்டிப்போய்ப் பகல் வெளிச்சத்தில் கண்ணின் வெள்ளையைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது கை. மழைக்காலத்தில் டெங்கு வார்டில் வேலை செய்தவர்களுக்கு நான் சொல்ல வருவது தெரியும். காய்ச்சல் விட்டதும் வீட்டார் முகத்தில் சிரிப்பு வரும், "டிஸ்சார்ஜ் எப்போ?" என்று கேட்பார்கள். டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் அப்போதுதான் ஆரம்பிக்கிறது, மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும். மேல் பிபி விழாமல் நிற்கும், கீழ் பிபி மட்டும் ஏறும். 100/80 என்று பார்த்தால் ஒழுங்காக இருப்பதுபோலத் தோன்றும். இரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் கழித்துப் பாருங்கள். 20 அல்லது அதற்குக் கீழே என்றால் அது அதிர்ச்சி நிலையின் ஆரம்பம், அதாவது உறுப்புகளுக்குப் போதுமான ரத்தம் போய்ச் சேராத நிலை.

தட்டணுக்களின் எண்ணிக்கையை எல்லோரும் கேட்கிறார்கள். பாதத்தைத் தொட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. நெற்றி வெதுவெதுப்பாக இருந்து கையும் காலும் சில்லென்று இருந்தால் கவனிக்க வேண்டும். விரல் நுனியை ஐந்து விநாடி அழுத்தி விடுங்கள். வெளுத்த இடத்தில் இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். திரும்பவில்லை, கூடவே வயிற்றுவலி, விடாத வாந்தி, சோர்ந்து கிடப்பது அல்லது இருப்புக்கொள்ளாமல் புரள்வது இருக்கிறது என்றால், லேப் ரிப்போர்ட் வரட்டும் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது.

தட்டிப் பார்ப்பது இப்போது கிட்டத்தட்ட மறந்தே போய்விட்டது. சந்தையில் மண்பானை வாங்கும்போது தட்டித்தானே வாங்குகிறோம்? பலாப்பழத்தையும் அப்படித்தான். மார்பைத் தட்டி ஓசையால் நோய் கண்டறியும் முறையை 1761இல் எழுதி வெளியிட்ட ஆவுன்ப்ருகர் என்ற ஆஸ்திரிய மருத்துவர், விடுதிக்காரர் ஒருவரின் மகன். எனக்கு இந்தக் கலை கைகொடுத்தது குடலிறக்க அறுவை முடிந்து வந்த ஒரு தாத்தாவிடம். முதுகில் ஊசி போட்டுச் செய்த அறுவை. ராத்திரி முழுக்கக் கத்தி, கையில் இருந்த ஊசியைப் பிடுங்கப் பார்த்தார். "தூங்க ஊசி போடுங்க சிஸ்டர்" என்று பக்கத்துப் படுக்கைக்காரர்கள் வரைக்கும் சொன்னார்கள். திரையை இழுத்து மூடிவிட்டு, "தாத்தா, வயித்த தொட்டுப் பாக்கட்டுமா?" என்று கேட்டு அடிவயிற்றைத் தட்டினேன். டம் டம் என்று வர வேண்டிய இடத்தில் தொப்புள் வரைக்கும் மந்தமான ஓசை. மத்தியானத்திலிருந்து சிறுநீரே போகவில்லை. டாக்டர் சொன்னபடி ட்யூப் போட்டதும் ஒரு லிட்டருக்கு மேல் வந்தது. ஐந்து நிமிடத்தில் தூங்கிவிட்டார்.

வயிற்றைப் பொறுத்தவரை மாணவிகள் தவறவிடும் ஒரு வரிசை இருக்கிறது. மற்ற இடங்களில் பார்ப்பது, தொடுவது, தட்டுவது, ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்பது. வயிற்றில் பார்த்த பிறகு கேட்பதுதான், தொடுவது கடைசி. முதலிலேயே அழுத்தினால் குடலின் ஓசை மாறிவிடும். வலிக்கிறது என்று சொல்லும் இடத்தைக் கடைசியில் தொடுங்கள். கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு தொடுங்கள். தொடும்போது கண் நோயாளியின் முகத்தில் இருக்கட்டும். "வலிக்கல" என்று சொல்லும் முகம் சுளித்திருக்கும்.

சர்க்கரை நோயாளியின் பாதத்தைப் பார்க்காமல் அவரைப் பரிசோதித்துவிட்டதாக நான் ஒத்துக்கொள்வதில்லை. "கால் மதமதன்னு இருக்கு" என்பார்கள். சிலர் அதுகூடச் சொல்ல மாட்டார்கள், உணர்வே போயிருக்கும். நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "நடக்கும்போது செருப்பு கழன்டு போறது தெரியுதா?" தெரியவில்லை என்றால், 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுச் சோதிக்கும் வரை அவரை அனுப்ப மாட்டேன். விரல் இடுக்கைப் பிரித்துப் பாருங்கள், செருப்பையும் திருப்பிப் பாருங்கள். செருப்பைத் துளைத்துக் காலில் ஏறிய ஆணியோடு நடந்து வந்தவரைப் பார்த்திருக்கிறேன். அவருக்கு வலியே இல்லை.

பிபி பற்றிச் சுருக்கமாக. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துக்குப் பிறகு வீட்டுத் திண்ணையிலேயே பிபி பார்க்கிறார்கள், மிக நல்ல விஷயம். ஐந்து நிமிடம் சும்மா உட்காரவிட்டுப் பாருங்கள். முதுகுக்குச் சாய்மானம், கை இதயத்தின் மட்டத்தில், பட்டை கையின் பருமனுக்கு ஏற்றது. தொங்கும் கை, சின்னப் பட்டை, பார்க்கும்போது பேசுவது எல்லாமே பிபியைக் கூட்டிக் காட்டும். இல்லாத பிபிக்கு மாத்திரை ஆரம்பிக்க அது போதும்.

இதெல்லாம் டாக்டர் வேலை இல்லையா என்று மாணவிகள் கேட்பதுண்டு. 1965இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் நர்ஸ் பிராக்டிஷனர் (நோயாளியைப் பரிசோதித்துச் சிகிச்சையும் தரப் பயிற்சி பெற்ற செவிலியர்) பயிற்சியைத் தொடங்கியபோதும் இதே கேள்வி எழுந்தது. இன்று நம் நாட்டிலும் தீவிர சிகிச்சைக்கு அந்தப் பெயரில் முதுகலைப் படிப்பு இருக்கிறது. மகப்பேற்றுக்கு 2018இல் மத்திய அரசே வழிகாட்டுதல் வெளியிட்டு 18 மாதப் பயிற்சியைக் கொண்டுவந்தது. அந்தப் படிப்பு படித்திருந்தாலும் இல்லாவிட்டாலும், எட்டு மணி நேரம் நோயாளியின் பக்கத்தில் இருப்பது நாம். என்ன நோய் என்று டாக்டர் முடிவு செய்வார். ஏதோ மாறுகிறது என்பதை முதலில் பார்க்கக்கூடிய இடத்தில் நாம் நிற்கிறோம்.

பார்த்ததை எப்படிச் சொல்கிறோம் என்பதும் பரிசோதனையில் சேர்ந்ததுதான். ராத்திரி இரண்டு மணிக்கு, "சார், பேஷண்ட் என்னவோ சரியில்ல" என்று போன் செய்தால், மூன்று வார்டைத் தனியாகப் பார்க்கும் டியூட்டி டாக்டர் "பாக்கலாம் சிஸ்டர்" என்றுதான் சொல்வார். அவர் மேல் தப்பில்லை. நான் இப்போது என் மாணவிகளை இப்படிச் சொல்லப் பழக்குகிறேன்: "சார், 14ஆம் பெட், சிறுநீர்த் தொற்று. ஆறு மணிக்கு மூச்சு 18, இப்போ 28, ரெண்டு தடவை எண்ணிட்டேன். பல்ஸ் 118, பிபி 108/70, கை சில்லுன்னு இருக்கு. நீங்க இப்பவே வந்து பாக்கணும்."

போன மாதம் ஒரு மூன்றாம் ஆண்டு மாணவி இதே வார்த்தைகளில் சொன்னாள். டாக்டர் நாலு நிமிடத்தில் வந்துவிட்டார்.