ராணி கையில் இருந்தும் டிராவா? போனில் தெரியும் அந்த எண்ணைப் பற்றிக் கொஞ்சம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், செஸ் போட்டி முடிந்து வந்த ஒரு பையனும் அவன் அப்பாவும் நேராக என் வகுப்புக்கே வந்துவிட்டார்கள். பையனுக்குப் பதினோரு வயது. கண் சிவந்திருந்தது. அப்பா போனை என் முன்னால் நீட்டினார். யார் பக்கம் எவ்வளவு சாதகம் என்று ஓர் எண்ணாகக் காட்டும் செஸ் என்ஜின் அதில் திறந்திருந்தது. "பாருங்க சார், ப்ளஸ் நாலரைன்னு காட்டுது. ராணி இவன் கையில, அவன்கிட்ட வெறும் ரூக்கும் ஒரு சிப்பாயும். ஜெயிக்கத் தெரியாம டிரா பண்ணிட்டு வந்திருக்கான். வழியெல்லாம் கேட்டுட்டே வர்றேன், வாயத் திறக்க மாட்டேங்கறான்."

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் செஸ் சொல்லித்தருகிறேன். வேலந்தாவளம், கோபாலபுரம், சித்தூர் என்று தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இரண்டு பக்கமும் இருந்து பிள்ளைகள் வருகிறார்கள். அதனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தமிழில் யானை என்றால் மூலையில் நிற்கும் காய், மலையாளத்தில் ஆன என்றால் பிஷப், மூலையில் நிற்பது தேர். ஒரே வகுப்பில் இரண்டும் கலந்தால் பிள்ளைகள் குழம்பிப் போகிறார்கள். எனவே ரூக் (மூலையில் நிற்பது), பிஷப் (சாய்வாகப் போவது), நைட் (குதிரை) என்றே எழுதுகிறேன்.

அந்த நிலையைப் பலகையில் வைத்தேன். (கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுக்கு வரிசை, எண் குறுக்கு வரிசை.) கறுப்பு ராஜா பி8இல், சிப்பாய் பி7இல், ரூக் சி6இல். வெள்ளையிடம் ராஜாவும் ராணியும் மட்டும். ரூக்குக்கு பி7 சிப்பாய் காவல், சிப்பாய்க்கு ராஜா காவல். ரூக் சி6க்கும் ஏ6க்கும் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தால் போதும், ஆறாவது வரிசை முழுக்க அதன் பார்வையில் இருக்கும், வெள்ளை ராஜா அதைத் தாண்டவே முடியாது. ராணி தனியாக எத்தனை செக் கொடுத்தாலும் ஒன்றும் நடக்காது. இதைத்தான் கோட்டை என்கிறோம், ஃபோர்ட்ரெஸ். உலக சாம்பியன் வந்து உட்கார்ந்தாலும் அங்கே டிராதான்.

சரி, அப்படியானால் போன் ஏன் நாலரை என்றது?

ஸ்டாக்ஃபிஷ் போன்ற என்ஜின் யோசிப்பது இப்படி: நான் இதை நகர்த்தினால் அவன் அதை, அதற்கு நான் இது என்று மரம்போல் கிளை விரித்துக்கொண்டே போகும். எல்லாக் கிளையையும் பார்க்க நேரம் இல்லை, அதனால் உதவாது என்று தோன்றுவதை வெட்டிவிடும். ஓர் ஆழத்தில் நின்று, அங்கே தெரியும் நிலைக்கு ஒரு மதிப்பெண் போடும். 2020இல் வந்த ஸ்டாக்ஃபிஷ் 12 முதல் அந்த மதிப்பெண் போடும் வேலையை ஒரு சின்ன நியூரல் நெட்வொர்க் செய்கிறது. அது எத்தனையோ நிலைகளைப் பார்த்துப் பழகியது, பெரும்பாலும் ராணி இருக்கும் பக்கம்தான் ஜெயிக்கும் என்று அதற்குத் தெரியும். நம் கோட்டையில் முப்பது நகர்த்தல் முன்னால் போய்ப் பார்த்தாலும் ராணி அப்படியே இருக்கிறது, ரூக் அப்படியே இருக்கிறது, அதனால் மதிப்பெண்ணும் அப்படியே இருக்கிறது. அதாவது அந்த நாலரை ஒரு மதிப்பீடு, நன்றாகப் படித்தவர் போடும் மதிப்பீடு, ஆனாலும் மதிப்பீடுதான்.

இதைக் கண்டுபிடிக்க நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் வழி, எண்ணைப் பார்க்காமல் எண்ணின் நடையைப் பார்ப்பது. உண்மையிலேயே ஜெயிக்கும் நிலை என்றால் என்ஜின் பார்க்கும் ஆழம், அதாவது டெப்த், 20, 30, 40 என்று ஏறும்போது எண்ணும் பெரும்பாலும் ஏறும், கடைசியில் இத்தனை நகர்த்தலில் மேட் (ராஜா தப்ப வழியில்லாமல் ஆட்டம் முடிவது) என்றே வந்துவிடும். கோட்டை என்றால் எண் நட்ட கல்போல ஒரே இடத்தில் நிற்கும், என்ஜின் காட்டும் வரிசையில் ராணி அங்கும் இங்கும் சும்மா அலைந்துகொண்டிருக்கும். அப்படி அலைவதைக் கண்டால் சந்தேகப்படுங்கள். இன்னொன்று, +1 என்றால் ஒரு சிப்பாய் அதிகம் என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். 2022 கடைசியில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 15.1 முதல் அதற்குப் பொருள் வேறு: அந்த நிலையிலிருந்து என்ஜின் தன்னோடு தானே ஆடினால் ஏறக்குறைய பாதி ஆட்டங்களில் வெற்றி. பதினோரு வயதுப் பிள்ளை, நாலு மணி நேரம் உட்கார்ந்து களைத்த பிறகு, ஜெயிப்பானா என்பதை அந்த எண் சொல்வதே இல்லை.

இறுதியாட்டத்தில் என்ஜினுக்குச் சிக்கல் தரும் இன்னொரு விஷயம் ஸக்ஸ்வாங். சும்மா இருந்தால் தப்பித்துவிடலாம், ஆனால் ஏதாவது நகர்த்தித்தான் ஆக வேண்டும், எதை நகர்த்தினாலும் கெட்டது என்ற நிலை. என்ஜின்கள் நேரம் மிச்சம் பிடிக்க ஒரு குறுக்கு வழி வைத்திருக்கின்றன: என் முறையை நான் விட்டுக்கொடுத்தாலும் எனக்கு நல்லதாகவே இருக்கிறதா, அப்படியானால் இந்தக் கிளையை இனிப் பார்க்க வேண்டாம் என்று வெட்டிவிடும். நடு ஆட்டத்தில் இது அருமையாக வேலை செய்யும். ஸக்ஸ்வாங்கில் முறையை விட்டுக்கொடுப்பதே பெரிய வரமாயிற்றே, கணக்கு தலைகீழாகிவிடும். அதனால்தான் வெறும் ராஜாவும் சிப்பாயும் மட்டும் இருக்கும் பக்கத்துக்கு ஸ்டாக்ஃபிஷ் அந்தக் குறுக்கு வழியைப் பயன்படுத்துவதில்லை.

மதிப்பீடு இல்லாமல் உண்மையே தெரியும் ஓர் இடமும் இருக்கிறது. டேபிள்பேஸ். அது முன்னோக்கி யோசிப்பதில்லை. மேட் ஆகியிருக்கும் எல்லா நிலைகளையும் எடுத்துக்கொண்டு, ஒரு நகர்த்தல் முன்னால் என்னவாக இருந்திருக்கும், அதற்கு முன்னால் என்ன என்று பின்னோக்கியே நடந்து, இருக்கும் அத்தனை நிலைக்கும் வெற்றி, தோல்வி, டிரா என்று எழுதி வைத்துவிட்டார்கள். ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய்கள் வரை முடிந்துவிட்டது. 2012இல் மாஸ்கோவில் லோமனோசோவ் என்ற ஏழு காய்த் தொகுப்பு வந்தது, 140 டெராபைட். பிறகு ரொனால்ட் டி மான் உருவாக்கிய சிசிஜி முறையில் 2018இல் அதே ஏழு காய்கள் சுமார் 17 டெராபைட்டில் அடங்கின. உள்ளே 423 லட்சம் கோடிக்கும் மேற்பட்ட நிலைகள். நம் போனுக்குள் அது அடங்காது, ஆனால் லிச்செஸ் தளத்தில் ஆய்வுப் பலகையைத் திறந்து புத்தகப் படத்தைத் தொட்டால், ஏழு காயோ அதற்குக் குறைவோ இருக்கும் எந்த நிலைக்கும் இலவசமாகப் பதில் வரும். பையனின் நிலையை அதில் வைத்தேன். டிரா.

அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 549 நகர்த்தலில் மேட் என்று ஒரு ஏழு காய் நிலை லோமனோசோவில் இருக்கிறது. ஆனால் சிப்பாய் நகராமல், காய் வெட்டாமல் 50 நகர்த்தல் போனால் டிரா கேட்கலாம் என்பது போட்டி விதி. ஆகவே சிசிஜி இரண்டையும் பிரித்தே காட்டும்: விதியோடு வெற்றி, விதி இல்லாவிட்டால் மட்டும் வெற்றி. பிள்ளை பார்க்க வேண்டியது முதலாவதை.

ராணியை வைத்துக்கொண்டு ரூக்கை ஜெயிப்பது, சிப்பாயே இல்லாவிட்டாலும்கூட, எவ்வளவு கஷ்டம் என்பதற்கு வால்டர் பிரௌன் சாட்சி. அமெரிக்காவின் பெரிய கிராண்ட்மாஸ்டர். 1970களின் கடைசியில் கணினி அறிஞர் கென் தாம்சனின் டேபிள்பேஸ் தொகுப்புக்கு எதிராக ராணியோடு பந்தயம் கட்டி உட்கார்ந்தார், 50 நகர்த்தலில் முடிக்க முடியவில்லை. உட்கார்ந்து படித்துவிட்டு மறுபடி வந்துதான் ஜெயித்தார், அதுவும் சரியாக 50இல். ஜெயிக்கக்கூடிய நிலை எதுவானாலும் 35 நகர்த்தலுக்குள் மேட் என்று டேபிள்பேஸ் சொல்கிறது. கிராண்ட்மாஸ்டருக்கே அப்படி.

லண்டனில் 2018 உலக சாம்பியன் போட்டி, ஆறாவது ஆட்டம். நார்வேயில் சேசே என்ற பெரிய கணினி, கார்ல்சனை எதிர்த்து ஆடிய கருவானாவுக்கு வெற்றி என்று அறிவித்தது. வழி என்னவென்றால் பிஷப்பை எச்4க்குக் கொண்டுபோய், அப்புறம் தன் நைட்டைத் தானே ஜி1 கட்டத்தில் அடைத்துவைப்பது. கருவானா அதைப் பார்க்கவில்லை, ஆட்டம் டிரா. மனிதர் எவரும் விரும்பி அப்படி ஆடமாட்டார் என்று முன்னாள் உலக சாம்பியன் காஸ்பரோவே சொன்னார். பிள்ளையின் ஆட்டத்தில் இப்படியொரு வரிசையை என்ஜின் காட்டினால் அதைத் தவறு என்று கணக்கில் சேர்க்காதீர்கள், தயவுசெய்து.

பூஜ்யத்தையும், அதாவது சமநிலை என்று என்ஜின் காட்டும் எண்ணையும், அப்படியே நம்பக்கூடாது. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன் போட்டியின் பதினாலாவது ஆட்டம். குகேஷிடம் ரூக், பிஷப், இரண்டு சிப்பாய். டிங் லிரெனிடம் ரூக், பிஷப், ஒரு சிப்பாய். ஒன்பது காய்கள், டேபிள்பேஸுக்கு எட்டாது, என்ஜின் டிரா என்றுதான் சொன்னது. நம் சென்னைப் பிள்ளை நிறுத்தாமல் ஆடிக்கொண்டிருந்தான். 55ஆவது நகர்த்தலில் டிங் ரூக்கை எஃப்2இல் வைத்தார். ரூக்குகள் போயின, ஏழு காய். குகேஷ் பிஷப்பை டி5இல் வைத்தார், இனி பிஷப்புகளும் போகும், ஐந்து காய், சிப்பாய் ஆட்டம், டிங்குக்குத் தெளிவான தோல்வி. எந்தக் காயை மாற்றிக்கொண்டால் எங்கே போய் இறங்குவோம் என்பதைத்தான் நான் வகுப்பில் அதிக நேரம் சொல்லித்தருகிறேன், இந்த ஆட்டத்தை வைத்தே.

அன்றைக்கு அந்த அப்பாவைப் பலகைக்கு முன்னால் உட்காரச் சொன்னேன். "நீங்க ராணிய வெச்சுக்கங்க, பையன் ரூக் எடுத்துக்கட்டும்." முக்கால் மணி நேரம் முயன்றார். பையன் ஏ6, சி6, ஏ6, சி6. நான் ஓரமாக உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன், ஐம்பது வந்ததும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பலகையையே பார்த்தார். பிறகு, "அப்ப தப்பு எங்கதான் சார் நடந்துச்சு?" என்றார்.

"கண்ணு, பன்னெண்டு மூவ் பின்னாடி போ" என்றேன். அங்கே வெள்ளைக்கு எச் வரிசையில் ஒரு சிப்பாய் இருந்தது. டேபிள்பேஸ் வெற்றி என்றது. பையன் செக் கொடுக்கும் ஆசையில் அதைக் காவல் இல்லாமல் விட்டிருந்தான். ராஜாவைப் பக்கத்தில் கொண்டுவந்து சிப்பாயை முன்னேற்றியிருந்தால் போதும். அவனே கண்டுபிடித்து நகர்த்திக் காட்டினான், அப்பா போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு மறுபடி காய்களை அடுக்க ஆரம்பித்தார்.